நோகாத கால்

மச்சான்,

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பள்ளி ஹவுளடியில், தண்ணீர்த் தொட்டியோரம் குந்தி இடது காலைக் கழுவும்போது, சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு வெடிப்பு கையில் தட்டுப்பட்டது. காலைத் தூக்கிப் பார்த்தேன். அரை அங்குலம் இருக்கும். எப்போது வெட்டியது என்று தெரியவில்லை, நோவும் இல்லை. உனக்கிருந்த சீனி வருத்தம், அந்த நீரிழிவு, எனக்கும் வந்து நாலு வருடமாகிறது. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது.

உன் புண்ணும் இதே ஹவுளடியில்தான் என் கண்ணில் பட்டது. மாரி விதைப்புக்கு வரம்பு கட்ட வயலில் இறங்கியபோது, சேற்றுக்குள் கிடந்த எதுவோ உள்ளங்காலைக் கீறியிருந்தது. மருந்து போட்டாயா என்று கேட்டதற்குச் சிரித்தாய். "அஞ்சு நேரமும் கழுவுற காலுடா இது. இதுல என்ன கிருமி நிக்கப்போகுது?"

நான் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன். அதை நம்பித்தான், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் உன் மனைவி என்னிடம் கேட்டார். "காக்கா, இவர்ர காலு ஒரு மாதிரிக் கிடக்கு. ஒருக்கா டொக்டர்ட்டக் காட்டச் சொல்லுங்கோவன்."

"நோகுதா?" என்று உன்னைக் கேட்டேன்.

"இல்ல மச்சான்."

"காச்சல்?"

"அதுவுமில்ல."

"நோவுமில்ல, காச்சலுமில்ல, பார்க்க வீக்கமுமில்ல. பயப்படாதீங்க மதினி" என்றேன். அதற்குள் நீ இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியைக் குடித்து முடித்திருந்தாய். சீனி போடாத தேத்தண்ணியை மனிசன் குடிப்பானா என்பது உன் வாதம்.

படித்த மடையன் என்றால் நான்தான். நோவும் வீக்கமும் காய்ச்சலும் உடம்பு கிருமியோடு சண்டை பிடிப்பதன் அடையாளம். சீனி கூடிய குருதியில் வெண்குழியங்கள் மந்தமாகிவிடும். புண்ணுக்குப் பிந்திப் போகும். போனாலும் பற்றீரியாவை விழுங்கிக் கொல்லும் வேலை சரியாக நடக்காது. கால் நரம்பும் மரத்துவிட்டால் நோவை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. வயல் காவலுக்குப் போனவன் தூங்கிவிட்டால், யானை வந்தது விடிந்த பிறகுதானே தெரியும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சைக்கு எழுதிப் பாசானவன்.

பத்தாம் நாள் உனக்கு நடுக்கம் எடுத்து, ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். உன் குருதி என் மேசைக்குத்தான் வந்தது. வெண்குழியங்கள் எண்ணிக்கையில் குறைவில்லை, வேலைதான் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வயல்சேற்றில் வாழும் ஒரு பற்றீரியா வளர்ப்புத் தட்டில் முளைத்துக் கிடந்தது. அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வார்டுக்கு வந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "இப்பவும் காலு நோகல்லடா."

அதுதான் நீ என்னோடு கடைசியாகக் கதைத்தது.

நீ மௌத்தாகி, உனக்காகக் குர்ஆன் ஓதிக் கத்தம் முடித்த அன்று உன் மனைவி திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். "நீங்க பயமில்லண்டு சொன்னதாலதான் அவர் நிம்மதியா இரிந்தார் காக்கா. அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான்." மனதாரத்தான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாம் அவன் நாட்டம் என்று மற்றவர்களும் ஆறுதல் சொன்னார்கள். நாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயமில்லை என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இதை ஆசுபத்திரி வாங்குப் பலகையில் குந்தியிருந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் பாண்டிருப்புக்காரர் ஒருவர், கிளினிக் கொப்பியோடு இருக்கிறார். என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சரியான நோவோ?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு விடியவே வந்து குந்திக்கிட்டு இருக்கிறீங்க?"

"நோகல்ல. அதுதான் வந்தன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.