ட்ரோனை மேலே ஏற்றச் சொன்னது நான்

அனுப்புநர்:
பொ. பானுப்ரியா (வயது 39),
க/பெ. பொன்னுரங்கம்,
லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: தேடுதல் ஹெலிகாப்டரின் வழியில் ட்ரோன் பறக்கவிட்டதாக முகம்மது ரியாஸ் மீது போட்ட வழக்கைக் கைவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பொன்னுரங்கம் 9.11.2024 அன்று விடியலில் பைபர் படகில் தனியாகக் கடலுக்குப் போனார். துணை ஆளுக்குக் காய்ச்சல். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காலை பத்து மணிக்குக் கவிழ்ந்த படகு மட்டும் முகத்துவாரத்துக்கு வடக்கே கிடைத்தது.

2. ஏரியில் மீன்பிடிக்க எங்களுக்குப் பாடு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முன்பே குறித்திருக்கும். முறையில்லாதவர் அங்கே வலை போடமாட்டார். ஆனால் ஆள் காணாமல் போன நாளில் பாடு பார்ப்பதில்லை, இருக்கிற படகெல்லாம் இறங்கித் தேடும். அந்த நினைப்பில்தான் கல்யாண வீடியோ எடுக்கும் ரியாஸின் ட்ரோனையும் வரவழைத்தோம். ஒரு நிக்காஹ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

3. பிற்பகல் ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது. சத்தம் கேட்டதும் ட்ரோனை இறக்கிவிடுகிறேன் என்றார் ரியாஸ். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுவும் பாக்கட்டும், இதுவும் பாக்கட்டும். இன்னும் மேல ஏத்து தம்பி" என்று சொன்னது நான்.

4. எதிரே ஏதோ பறக்கிறது, உயரே ஏறித் திரும்பிவிடவும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து விமானிக்கு உத்தரவு போனதாம். விசாரணைக்கு வந்த அதிகாரி விளக்கினார். மோதியிருந்தால் உள்ளே இருந்த நான்கு பேரும் போயிருப்பார்கள் என்றார். அந்த உத்தரவில் எனக்குக் குறையில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது. வானத்தில் எந்நாளும் பாடு உண்டு, ஆள் தொலைந்த நாளிலும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஹெலிகாப்டர் சட்டென்று திரும்பியபோது, எதையோ பார்த்துவிட்டதென்று கரையில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது மறுபடி வருவதற்குள் மழை மூடிவிட்டது. என் கணவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

5. விசாரணையில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரியாஸும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் வலை பழுது பார்க்கும் இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மன்னிப்புக் கேட்க ரியாஸ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ருமானா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது நாள் முழுக்க நான் பேசுவது கடைக்காரரிடம் மட்டும்தான். பாரம் தாங்கவில்லை ஐயா.

6. ஆகவே ரியாஸ் மீதுள்ள வழக்கைக் கைவிடப் பணிவுடன் வேண்டுகிறேன். யார் பெயராவது இருந்தே ஆக வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளவும். இனி ஹெலிகாப்டர் வரும்போது கரையில் நிற்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு செய்யவும். விமானிக்குச் சொல்ல ஆள் இருந்தது, எங்களுக்கு இல்லை.

7. ட்ரோனில் பதிவான பதினோரு நிமிடப் படம் சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்தில் இருக்கிறது. அதை அழிக்காமல் எனக்கு ஒருமுறை காட்ட உத்தரவிடவும். தண்ணீரில் ஏதாவது தெரிந்தால், அது வலை மிதவையா, என் வீட்டுக்காரர் தலையா என்று எனக்கு அடையாளம் தெரியும். அதில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரியாஸைக் குறை சொல்லமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

இடம்: லைட்ஹவுஸ் குப்பம்
நாள்: 6.1.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) பொ. பானுப்ரியா