நாற்பது சீட்டு முதுகு

ஜூன் 16, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெயில். புதுப் பஸ் வந்துவிட்டது. இதுவும் பன்னிரண்டாம் நம்பர்தான். பழைய பன்னிரண்டு எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

டிரான்ஸ்போர்ட் சார் (இனி டி. சார், முழுசா எழுதினால் கை வலிக்கிறது) பஸ் ஆயாக்களுக்கு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். புதுப் பஸ் எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுத வேண்டுமாம். அடுத்த திங்கள் கொடுக்கணும்.

"சரோஜாம்மா, எல்லாம் நல்லாருக்குன்னு டிக் அடிச்சு நீட்டாதீங்க. நிஜத்தை எழுதுங்க."

அஞ்சாவது படித்தவளிடம் கருத்து கேட்கிற காலம் வந்துவிட்டது. மருமகன் கம்பெனியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இதில் எழுதிப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதலாம்.

பஸ்ஸுக்கு மாலை, எலுமிச்சம்பழம், எல்லாம் ஆச்சு. டிரைவர் ஏகாம்பரம் விபூதி பூசிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஏகாம்பரம், மாப்ள ரெடி. பொண்ணு எங்க?"

"கடைசி சீட்ல குந்தப் போவுதே, அதான்க்கா."

நிஜம்தான். ஆயா சீட்டு இப்போது கடைசி வரிசை, எமர்ஜென்சி கதவு ஓரம். பழைய வண்டியில் இன்ஜின் பெட்டிமேல், பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

நல்லது:
தூசி வரவில்லை. கன்டெய்னர் லாரி ஒட்டிப் போனாலும் ஒரு பிள்ளையும் இருமவில்லை.
ஆணி நீட்டிக்கொண்டில்லை. போன வருஷம் மூணு யூனிபாரம் கிழிந்தது.
பள்ளத்தில் விட்டாலும் தூக்கிப் போடவில்லை. இட்லித் தட்டில் இட்லி மாதிரி அசையாமல் இருக்கிறார்கள்.
சீட்டு மெத்தை. என் கல்யாணத்துக்குக்கூட இப்படி மெத்தை இல்லை.

கெட்டது:
படி உயரம். குட்டிகளைத் தூக்கித்தான் ஏற்றணும். என் முட்டி என்ன பாவம் பண்ணியது?

இன்னொன்று. என் தலைக்கு மேலே ஒரு சிவப்பு பட்டன். இன்ஜினை நிறுத்தினால் 'கீ' என்று மணி கத்தும். அந்தப் பட்டனை அழுத்தினால்தான் நிற்கும். பஸ்ஸோடு வந்த கம்பெனிக்காரர் என்னவோ விளக்கினார். ஏகாம்பரம் பாதியிலேயே சிரித்தார்: "எங்க அக்கா அங்கதான் குந்திக்கினு கீது. கைய தூக்குனா மேட்டர் ஓவர்." கம்பெனிக்காரரும் சிரித்துவிட்டார்.

கை தூக்கினேன். நின்றது.

ஜூன் 17, செவ்வாய்

புழுக்கம். சாணால் அளந்தேன். உட்காரும் இடத்திலிருந்து சீட்டு முதுகு மூணு சாணுக்கு மேலே. யாழினி உட்கார்ந்தால் ரெண்டரை சாண். அவள் தலையை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

பழைய வண்டியில் நாற்பது மூஞ்சி பார்ப்பேன். யார் அழுதான், யார் பல் தேய்க்கவில்லை, யார் சாப்பிடாமல் வந்தாள், எல்லாம் தெரியும். இதில் நாற்பது முதுகு. அதுவும் பிள்ளைகள் முதுகில்லை, சீட்டு முதுகு.

யாழினி போன வருஷம் பிரீ கே.ஜி., இப்போது எல்.கே.ஜி. பிள்ளைப்பாக்கம் வாட்டர் டேங்க் ஸ்டாப்பில் ஏறுவாள். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்கு கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஷிப்டு. சொந்தம் என்று இங்கே யாரும் இல்லை. அம்மா முத்துலட்சுமி என் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பஸ் திரும்புகிறவரை நிற்பாள்.

போன வருஷத்திலிருந்து எங்களுக்குள் ஒரு ஆட்டம். ஸ்கூல் கேட் வந்ததும் நான் கத்துவேன். "யாழினியக் காணோமே! ஒரகடம் கம்பெனி வாசல்ல எறங்கி ஷிப்டுக்குப் போயிட்டாளா? ஓ.டி. பாக்குறாளா?" அவள் சீட்டுக்குப் பின்னால் குனிந்துகொள்வாள். இரண்டு ரிப்பன் மட்டும் தெரியும். நான் தேடுவேன், தேடுவேன். கடைசியில் "தோ!" என்று குதிப்பாள். இன்றைக்கும் ஆடினோம். புது சீட்டில் ரிப்பன்கூடத் தெரியவில்லை. சூப்பராக ஒளிகிறாள்.

ஜூன் 18, புதன்

பெல்ட்: நல்லதுதான். குட்டிகளுக்குப் பூட்டத் தெரிகிறது, திறக்க வரவில்லை. யாழினி மட்டும் அடியில் நழுவி வந்துவிடுகிறாள். திறந்துவிட்டே என் நகம் போச்சு.
ஏ.சி.: குளிர்கிறது. ஒருத்தன் வாந்தி எடுத்தால் ஊருக்கே வாசனை. ஜன்னல் திறக்காது. முன்னெல்லாம் தலையை வெளியே பிடித்தால் போதும்.
கால்: எட்டவில்லை. குட்டிகளுக்குக் கால் தொங்கித் தொங்கி மரத்துப் போகிறது. காலடியில் ஒரு பலகை வைக்கலாம். இதைத் தாளில் கட்டாயம் எழுதணும்.
காமிரா: நடைபாதையைப் பார்க்கிறது. அதை யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது.
பிள்ளைகள் ஏறி இறங்கும்போது கார்டு தேய்க்கிற மிஷின்: மாட்டியாச்சு. வேலை செய்யவில்லை.
பட்டன்: சுலபம். பதினாலாம் நம்பர் ஆயாவுக்கு முன் சீட்டு. அவள் தினமும் கடைசிவரை நடக்கிறாளாம், மூட்டு வலியாம். "நமக்கு ராஜ யோகம்டி" என்று வெறுப்பேற்றினேன்.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம். ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கேட் வந்தது. யாழினியைக் காணோமே என்று கத்தினேன். கத்தின வாய் மூடவில்லை, எனக்கு முன் வரிசைப் பையன் வாந்தி. துணி, தண்ணீர், பை என்று அதிலேயே இருந்துவிட்டேன். பெரிய பிள்ளைகளே குட்டிகள் பெல்ட்டைத் திறந்துவிட, எல்லாரும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கீழே மிஸ் நின்று வாங்கிக்கொண்டார். வாந்தி எடுத்தவனைக் கடைசியாக முன்னால் அனுப்பினேன். பஸ் ஷெட்டுக்கு வந்தது. இன்ஜின் நின்றது. 'கீ.' கையைத் தூக்கினேன். நடந்து இறங்கினேன். ஏகாம்பரம் கதவைச் சாத்தினார். டீ குடிக்கப் போனோம். சிரித்துப் பேசிக்கொண்டே போனோம்.

பஸ்ஸைப் பெருக்குவது எப்போதும் பதினொரு மணிக்குத்தான். இன்று அதுவரை போகவில்லை. டி. சார் தாளை எடுத்தேன், எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கடைசி சீட்டிலேயே விட்டுவிட்டேன். எடுக்கப் போனேன். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அடுப்பு மாதிரி அடித்தது.

அஞ்சாவது வரிசை. ஜன்னல் ஓரம். தரையில். முழங்காலைக் கட்டிக்கொண்டு. முடியெல்லாம் ஈரம், சட்டை ஈரம். கழுத்து அட்டைக் கயிறு வாயில்.

"ஆயாம்மா... இப்ப வெளிய வரலாமா?"

இருபத்தஞ்சு நிமிஷம். அழவில்லை. கூப்பிடவில்லை. நான் தேடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

தூக்கினேன். உடம்பு கொதித்தது. குழாயடியில் முகம், கை, கால் கழுவி, தண்ணீர் குடிக்க வைத்து, மரத்தடியில் மடியில் போட்டு விசிறினேன். ஏகாம்பரம் ஓடிப்போய் மோர் வாங்கி வந்தார். அரை மணியில் சரியாகிவிட்டாள். "நான் ஜெயிச்சிட்டேன்ல?" என்று கேட்டாள். "ஜெயிச்சுட்ட" என்றேன். கிளாஸில் விட்டேன். ஏன் இவ்வளவு நேரம் என்று மிஸ் கேட்டார். லேட் என்றேன். லேட் என்றுதான் சொன்னேன்.

அவளைத் தாண்டித்தான் நடந்து போயிருக்கிறேன். இரண்டடி தூரம். பின்னாலிருந்து முன்னால் நடந்தால் சீட்டு முதுகுதான் தெரியும். முன்னாலிருந்து பின்னால் வந்தால்தான் சீட்டு தெரியும், பிள்ளை தெரியும். கம்பெனிக்காரர் திங்கட்கிழமை விளக்கினது இதைத்தான். யாராவது நடக்கணும் என்பதற்காகத்தான் பட்டனைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். என்னையும் கடைசியில் வைத்துவிட்டார்கள். ராஜ யோகம்.

ஜூன் 20, வெள்ளி

வாட்டர் டேங்க் ஸ்டாப்பில் யாழினி இல்லை. முத்துலட்சுமியும் இல்லை. ஏகாம்பரம் ஹாரன் அடித்தார். இரண்டு தரம். கிளம்பினார்.

ஷெட்டில் அவராகத்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, சொல்றத கேளு. கொழந்திக்கு ஒண்ணும் ஆவல. ஆண்டவன் காப்பாத்திட்டான். வுட்டுடு."

"ஆயிருந்தா?"

"ஆவலயே! நீ போய் சொல்லிக்கினு இருந்தன்னா உனக்கும் வேல போவும், எனக்கும் போவும். அப்பால எந்த ஸ்கூல்லயும் சேக்க மாட்டான். எனக்கு வூட்ல ரெண்டு பொண்ணு கீது."

"அந்த ரெண்டுல ஒண்ணு தரையில குந்திக்கினு இருந்தா?"

கழுத்துத் துண்டால் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி. கெட்ட மனுஷர் இல்லை. எட்டு வருஷமாகத் தெரியும். நேற்றிலிருந்து அவரும் சோறு தொடவில்லை என்று அவர் சம்சாரம் போனில் சொன்னாள். ஏன் என்று என்னைக் கேட்டாள்.

இன்று பிள்ளைகளிடம் ஒரு கிண்டலும் பண்ணவில்லை. "ஆயாம்மாவுக்கு பல் வலி" என்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஜூன் 21, சனி

லீவு. மேகமூட்டம், மழை இல்லை. பிள்ளைப்பாக்கம் போனேன். வரிசை வீடு, மூணாவது கதவு. அப்பா ஷிப்டு முடித்துத் தூங்குகிறார். முத்துலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா வாங்க! என்ன அதிசயம்! பிள்ளைக்கு லேசா காய்ச்சல், அதான் நேத்து அனுப்பல. இப்போ தேவலை."

யாழினி பாயில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போர்வைக்குள் ஒளிந்தாள்.

"ஆயாம்மாவ ஜெயிச்சிட்டேம்மான்னு ஒரே பெருமை. நீங்கதான் விட்டுக் குடுத்திருப்பியன்னுல்லா நெனச்சேன்" என்று சிரித்தாள்.

சொன்னேன். ஒன்றுவிடாமல். ஆட்டம் என்னுடையது, மறந்தது நான், பட்டனை அழுத்தினது நான், மிஸ்ஸிடம் பொய் சொன்னது நான்.

வெங்காயம் கையிலேயே இருந்தது. அப்புறம் மெதுவாக, தூங்குகிறவர் எழுந்துவிடாமல்:

"எவ்ளோ நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"கூப்பிடக்கூட இல்லியா அவ?"

"இல்லம்மா."

"நீங்க வருவியன்னு இருந்திருக்கா."

எழுந்து போய்ப் பிள்ளைமேல் கையை வைத்தாள். நெற்றி, கழுத்து, முதுகு. "நீங்க போங்கக்கா" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

தாளை எழுதினேன். மொத்தம் ஆறு கேள்வி. சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி போட்டிருக்கிறார்கள், டிக் அடிக்க.

சீட்டு மெத்தை: சிரிக்கிற மூஞ்சி.
தூசி, குலுக்கல்: சிரிக்கிற மூஞ்சி.
படி: சும்மா.
ஜன்னல்: அழுகிற மூஞ்சி.
பெல்ட்: சும்மா.
ஆறாவது, 'வேறு கருத்து'. இரண்டே கோடு. பத்தவில்லை. பின்பக்கம் முழுக்க எழுதினேன். வியாழக்கிழமை நடந்ததை நடந்தபடி. ஆயா சீட்டை முன்னால் போடவும். பிள்ளை தலை தெரிகிற உயரத்துக்கு சீட்டைக் குறைக்கவும். பட்டனை அழுத்தினது நான்தான், டிரைவர் இல்லை. இப்படிக்கு சரோஜா.

ஏகாம்பரத்துக்கு போன் பண்ணிப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "டிரைவர் இல்லன்றத அடிச்சுடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஜூன் 23, திங்கள்

தூறல். வாட்டர் டேங்க் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். முத்துலட்சுமி என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைக் கீழே நிறுத்திவிட்டு அவள் மட்டும் ஏறினாள். முன்னாலிருந்து கடைசிவரை நடந்தாள். அஞ்சாவது வரிசையில் நின்றாள், குனிந்து தரையைப் பார்த்தாள். கடைசிக்கு வந்து பட்டனைப் பார்த்தாள், என் சீட்டைப் பார்த்தாள். இறங்கினாள். பின்னால் கம்பெனி பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஏகாம்பரம் நகரவில்லை.

யாழினியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "மொத சீட்டுல வச்சுக்கோங்க." அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு டி. சார் ரூம். தாளைக் கொடுத்தேன். முன்பக்கம் படித்தார். திருப்பினார். முகம் மாறிவிட்டது. சாவியை எடுத்தார்.

"வாங்க. ஏகாம்பரத்தையும் கூப்பிடுங்க."

பஸ்ஸில் ஏறினோம். "நீங்க உங்க எடத்துல உக்காருங்க" என்றார். ஆறடி ஆள் அவர். அஞ்சாவது வரிசையில் போய்த் தரையில் உட்கார்ந்தார், முழங்கால் இடிக்க இடிக்க. "இப்ப எழுந்து நடங்க, அன்னிக்கு நடந்த மாதிரி."

நடந்தேன். நான் பார்த்தது சீட்டு முதுகு. தாண்டிய பிறகு திரும்பினேன், வழுக்கை தெரிந்தது.

எழுந்திருக்க நேரமாயிற்று அவருக்கு. பேன்ட்டைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும் சரோஜாம்மா."

"ஆமா சார்."

"நானுந்தான் சார்" என்றார் ஏகாம்பரம். "வண்டிய சாத்துனது நானு. திரும்பிப் பாக்கல."

இரண்டு பேருக்கும் மெமோ வருமாம். வேலை இருக்குமா என்று கரஸ்பாண்டென்ட்தான் சொல்லணும், புதன்கிழமை தெரியும். ஆயா சீட்டு கடைசியில் இருக்கிற எல்லா பஸ்ஸிலும் அதை மாற்ற எழுதிப் போடுகிறாராம். "அதுவரைக்கும் முன்னாடி ஒரு ஸ்டூலாவது போட்டு உக்காருங்க."

அவர் ரூமிலிருந்து ஸ்டூலை நானே தூக்கி வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ராத்திரி மழை. ரோடு கழுவின மாதிரி.

ஸ்டூல், முன்னால், பிள்ளைகளைப் பார்த்து. ஸ்டூல் ஆடுகிறது. ஆனால் மூஞ்சி தெரிகிறது. நாற்பது மூஞ்சியும் இல்லை, ஓரத்து மூஞ்சிகள் மட்டும். மற்றதற்கு எழுந்து நின்று பார்க்கணும். நின்றேன்.

கேட் வந்தது. முதல் சீட்டில் யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவேன் என்று. நான் கத்தவில்லை.

"ஆயாம்மா, என்னயக் காணோம்னு சொல்லுங்க."

"நீதான் இங்க கீறியே."

"ஒளியட்டா?"

"வேணாம்டா கண்ணு. ஒளிஞ்சா ஆயாம்மாவுக்குத் தேடத் தெரியாது."

அதுக்கு அவள் சிரித்தாள். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தாள். கையைப் பிடித்து இறக்கி மிஸ் கையில் கொடுத்தேன்.

ஷெட். இன்ஜின் நின்றது. 'கீ.' ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எழுந்தேன். கத்தட்டும். முதல் வரிசை, இடது, வலது, தரை. ஒரு பென்சில். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. மணி காதைக் கிழித்தது, ஏகாம்பரமும் எழுந்து பின்னாலேயே வந்தார். ஐந்தாவது. குனிந்தேன். ஜன்னல் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆறாவது.