பரிவட்டமும் ஜூபா ராஜாவும்

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு மாடுகளும் சுகம். அந்த ரோமாபுரியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது. இன்று அவர் பேரையூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். எதற்குப் போனார் என்பதையும் சொல்கிறேன், பதறாமல் படி. இங்கே மழை பரவாயில்லை, செவலைப் பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. நீ கேட்ட பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் நான் திடீரென்று உன்னிடம், நீ ஆராய்ச்சி பண்ணுகிற அந்த ஜூபா ராஜாவுக்குப் பிறகு அந்த நாடு யார் கைக்குப் போனது என்று கேட்டேன் இல்லையா. அம்மாவுக்கும் ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தாய். கேட்கச் சொன்னது உன் அப்பா. நீ அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நான் அடுப்படியில் போட்டுவிட்டு வேலை பார்ப்பேன், அவர் வாசல்படியில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார், கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அப்பன் தோற்றுச் செத்த பிறகு கைக்குழந்தையாக ரோமாபுரித் தெருவில் ஊர்வலம் விடப்பட்ட பிள்ளை, ஜெயித்தவன் வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்து, படித்து, கடைசியில் அவர்களே தலையில் கிரீடம் வைத்து ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு ராஜாவாக அனுப்பிய கதையை நீ சொன்ன அன்று, அவர் வெற்றிலை போடக்கூட மறந்துவிட்டார்.

விஷயம் இதுதான். நம் முத்தாலம்மன் கோயிலைப் புதுசாகக் கட்டிக் கொடுத்தாரே கல் உடைக்கிற கிரஷர் முதலாளி சிவபாண்டி, அவர் கோயில் பொங்கலுக்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்தார். பழத்தட்டோடுதான் வந்தார், மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. "அண்ணே, எந்நாளும் பரிவட்டம் ஒங்க தலைக்குத்தான், அதுல எவனும் கை வைக்க முடியாது. கண்மாய்ல கொஞ்சம் மண்ணு அள்ளணும், கண்மாய்ப் பாசன சங்கத் தலைவருங்கிற முறையில நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் பரிவட்டமும் இல்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் அம்புட்டுப் பேரும் இப்போது அவர் பின்னால்தான் நிற்கிறார்கள். லாரி இறங்கினால் வண்டலோடு நிற்காது, அடிமண் வரைக்கும் தோண்டுவார்கள் என்று உன் அப்பாவுக்குத் தெரியும். மடைக்குக் கீழே பள்ளம் விழுந்துவிட்டால் கண்மாயில் தண்ணீர் கிடக்கும், வயலுக்கு ஏறாது.

நான் போடுங்கள் என்றுதான் சொன்னேன். ஆமாம், நானேதான். நீங்கள் போடாவிட்டால் உங்கள் பங்காளி காசிமாயனைத் தலைவராக்கிப் போடவைப்பார்கள், மண் எப்படியும் போகத்தான் போகிறது, நீங்கள் தலைவராக இருந்தால் இம்புட்டு ஆழத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லவாவது வாய் இருக்கும் என்றேன். உன் ஜூபாவையே இழுத்து வைத்துப் பேசினேன். அவன் ரோமுக்கு அடங்கித்தானே இருந்தான், ஆனாலும் ஊரைக் கட்டினான், புத்தகம் எழுதினான், சனங்களை வாழவைத்தான். அவன் பெண்டாட்டி, அந்த எகிப்து ராணி பெற்ற மகள், காசில் தன் பெயரைத் தன் தாயார் பேச்சிலேயே பொறித்து முதலைப் படமும் போட்டாள் என்று நீதானே சொன்னாய். அடங்கிய இடத்திலும் அவரவர் சொத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம், வேறு வழியில்லாதபோது அதுதான் புத்தி என்றேன். அதற்கு உன் அப்பா, "அந்த ராசாவுக்கு அப்புறம் அந்த நாடு என்னாச்சு, பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார், அவ்வளவுதான்.

நீ சொன்ன பதிலை அவரும் கேட்டார். ஜூபாவின் மகனுக்கு ரோம்காரர்களே தந்தத்தில் கோலும் பூவேலை போட்ட அங்கியும் மரியாதை செய்து அனுப்பினார்கள், பிறகு ஒரு சக்கரவர்த்தி அவனைக் கூப்பிட்டுக் கொன்றுபோட்டான், அவன் போர்த்தியிருந்த அங்கியின் அழகில் வந்த வயிற்றெரிச்சல் என்றும் ஒரு கதை உண்டு, நாடு அப்படியே ரோமோடு சேர்ந்துவிட்டது என்றாய். உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மறுநாள் சிவபாண்டி ஆளிடம், கையெழுத்துக்கு என்னிடம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ஒரு வேளை அடுப்பே பற்றவைக்கவில்லை.

பொங்கலன்று கோயில் முன்னால் ஊரே கூடி நிற்க, பூசாரி பரிவட்டத்துக்குக் காசிமாயன் பெயரைக் கூப்பிட்டார். உன் அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று வழிவழியாகக் கட்டிய பரிவட்டத்தை உன் அப்பா கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்தார். பரிவட்டம் கட்டுகிற வீட்டு முளைப்பாரிதானே முன்னால் போகும், காசிமாயன் பெண்டாட்டி பாண்டிச்செல்வி அவசரத்தில் போட்ட பயிர், விரல் நீளத்துக்கு வெளுத்துப்போய் நின்றது. என்னுடையது முழ உயரத்துக்குத் தளதளவென்று வளர்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக நடந்தேன். பாண்டிச்செல்வி திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உன் அப்பா எந்த வருசமும் பெண்கள் வரிசையோடு வந்ததில்லை, அன்று என் பக்கத்திலேயே நடந்து வந்தார். கண்மாயில் முளைப்பாரியைக் கரைக்க இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "தலைக்கு நல்லாக் காத்து வருதுடி" என்றார். நான் முளைப்பாரியைத் தண்ணீரில் இறக்கினேன்.

புதுத் தலைவராகக் காசிமாயன் கையெழுத்துப் போட்டுவிட்டார், லாரி வந்துவிட்டது. நான் சொன்னபடிதான் நடந்தது. மண் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி உன் அப்பா தாலுகா ஆபீசுக்கு மனுவோடு அலைகிறார், வயலுக்குப் போக இப்போது கோயில் தெருவை விட்டுச் சுற்றுவழியில் போகிறார். டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். ஜூபாவாவது தன் ஆயுசு முழுக்கக் காப்பாற்றினான், இவர் என்னத்தைக் காப்பாற்றினார் என்று ஒரு நேரம் ஆத்திரம் வருகிறது. மறுநேரம் அவர் சாப்பிட உட்காரும்போது பரிவட்டம் இல்லாத அந்த வெறுந்தலையைப் பார்த்தால் கும்பிட வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை தாயி.

நீ இதற்காக லீவு போட்டு ஓடிவர வேண்டாம், படிப்பை முடி. வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. அடுத்த முறை போனில் அப்பாவிடம் கோயிலைப் பற்றிக் கேட்காதே, கன்றுக்குட்டியைப் பற்றிக் கேள். முத்தாலம்மன் உன்னைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்கட்டும், நீ நினைத்தது எல்லாம் கைகூடி நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும். உன் புத்தகத்தில் ஜூபாவை நல்லவன் என்று எழுது, கோழை என்று எழுது, அது உன் படிப்பு, எனக்கு அதில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் அப்படி இருந்தான் என்று மட்டும் எழுதிவிடாதே. வழி இருந்திருக்கும். அந்த வழியில் போனால் மனுசன் எப்படி ஆகிப்போவான் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். அப்படிப் போன மனுசனுக்கு நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
சோ. ஜெயக்கொடி