கிச்சாப்புக்கு வாங்கிய உப்பு

செர்டாங், கெடா, மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு வாய்வலி என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நீ போடும் படங்களே சொல்லிவிடுகின்றன, கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி நோராவின் கைப்பக்குவம் போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும், அவளையும் கேட்டதாகச் சொல்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ஏம்மா ஏம்மா என்று கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிடுவார். அதனால்தான் உனக்கு அனுப்பும் மிளகாய்த்தூள் பெட்டிக்குள்ளேயே இதையும் வைக்கிறேன், முதலில் உட்கார், பிறகு படி. நம் கிச்சாப் இப்போது நம் வீட்டில் இல்லை. பதறாதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, உயிரோடு நன்றாக இருக்கிறது. நான்தான் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று ஞாயிறாக நீ கேட்டபோது குளிப்பாட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள், தூங்குகிறது, அப்பாவோடு கடைக்குப் போயிருக்கிறது என்று மூன்று பொய் சொன்னேன். நான்காவது பொய் எனக்கு வரவில்லை.

ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் மழுப்பாமல் சொல்கிறேன், பொறாமைதான். வயது ஐம்பத்தெட்டு ஆகிறது, ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பாசார் மாலாம் இரவுச் சந்தைச் சாக்கடையிலிருந்து அதைத் தூக்கிவந்தவள் நீ, சோயா கிச்சாப் போத்தல் மாதிரி கறுப்பு என்று பேர் வைத்தவளும் நீ, அப்புறம் நர்ஸ் வேலை கிடைத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவளும் நீ. மூன்று வருடமாக மீன் முள் எடுத்துச் சோறு பிசைந்து போட்டது யார்? இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய் நடுங்கும், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தது யார்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டால் முதல் கேள்வி என்ன? கிச்சாப் எங்கம்மா, காட்டும்மா. நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், போனைக் குனிந்து அந்த நாய்க்குக் காட்ட வேண்டும். அது உன் குரலைக் கேட்டு வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டும், அங்கே நீ அழுவாய், நடுவில் போன் பிடிக்கும் கம்பம் மாதிரி நான். உன் பழைய சிலிப்பர் மேல்தான் படுக்கும், என் பாயை மோந்துகூடப் பார்க்காது.

இது போதாதென்று பக்கத்து வீட்டு ஷீலா வேறு. கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறாள், தெருவில் கிடக்கும் நாய் பூனையெல்லாம் அவள் வாசலில்தான், ஊசி போட்டு, கருத்தடை செய்து, படம் பிடித்துப் போட்டு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறாள். நல்ல காரியம், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவள் கோழிக்கழுத்துக் கஞ்சி காய்ச்சினால் இந்தக் கிச்சாப் வேலிச் சந்தில் நுழைந்து அங்கே போய் நிற்கும். நீயும் அவள் போடும் ஒவ்வொரு பூனைப் படத்துக்கும் சிவப்பு இருதயம் போடுகிறாய். நான் போட்ட பொங்கல் படத்துக்குக் கட்டைவிரல் மட்டும். எண்ணிப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

கிச்சாப்பைக் கொடுத்த அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நோராவின் பிறந்தநாளுக்கு நீ போட்ட படத்தைப் பார்த்தேன். அவள் தோளில் நீ சாய்ந்திருக்கிறாய், என் இரண்டாவது அம்மா என்று எழுதியிருக்கிறாய். அப்பா கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, நல்ல மனுஷி போலருக்கு, புள்ள தனியா இல்ல, அதுவே போதும்லா என்றார். எனக்குப் போதவில்லை. கோப்பியைக் குடிக்காமல் கொட்டிவிட்டேன்.

அந்த எரிச்சலோடுதான் ஷீலா வீட்டு வாசலுக்குப் போனேன். யான் ஊரிலிருந்து அழகேசன் என்று ஒருவரும் அவர் மனைவி காஞ்சனாவும் வந்திருந்தார்கள், ஷீலாவிடம் இருந்த ஒரு பழுப்பு நாய்க்குட்டியைத் தத்தெடுக்க. அந்தக் குட்டி பயந்து பூச்சட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நம் கிச்சாப்போ வேலிக்குள் நுழைந்து நேராகப் போய் முன்பின் தெரியாத காஞ்சனாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. என் மடியில் ஒருநாள் அப்படி வைத்ததில்லை. அவள் அதன் காதைத் தடவி, ஐயோ தங்கமே, யாரு வீட்டுப் புள்ள நீ என்று கொஞ்சினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? புடிச்சிருந்தா கூட்டிட்டுப் போங்க, இங்க யாரும் தேட மாட்டாங்க என்றேன். ஷீலா திடுக்கிட்டு, ஆன்ட்டி வெளையாடாதீங்கலா என்றாள். நான் விளையாடவில்லை என்றேன்.

இங்கேதான் நீ ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், நீ டவுன் தாமான் குடியிருப்பில் பிறந்தவள், உனக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ யாரும் சும்மா வாங்க மாட்டார்கள். வாங்க வருகிறவர் கல்லுப்பு கொண்டுவந்து கொடுக்கிறவர் கையில் வைக்க வேண்டும், கை மூடிவிட்டால் பேச்சு முடிந்தது, அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளை. திருப்பிக் கேட்டால் கேட்கிற வீட்டுக்கும் ஆகாது, குட்டிக்கும் ஆகாது. காஞ்சனாவும் தோட்டத்தில் வளர்ந்தவள் போலிருக்கிறது, பழுப்புக் குட்டிக்காகக் கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, நெசமாவா அக்கா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு என் கையில் வைத்தாள். நான் கையை மூடினேன். கார் கதவைத் திறந்ததும் கிச்சாப் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டின காலத்தில்கூட அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாயையா குடுத்த, புள்ள நம்பி விட்டுட்டுப் போனதக் குடுத்திட்டியே என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மாலையில் ஷீலா ஓடிவந்து, ஆன்ட்டி, அவங்க கையெழுத்துப் போட்ட தத்துப் பாரத்துல ரெண்டு வாரம் டைம் இருக்கு, மனசு மாறுனா நா போய்க் கூட்டிட்டு வந்துருவேன் என்றாள். அப்பாவும் எழுந்து வந்து, அந்த உப்பத் திருப்பிக் குடுத்துட்டு வா, கணக்குத் தீந்துச்சு என்றார். நான் அடுப்பங்கரைக்குப் போய்ப் பொட்டலத்தைத் தேடினால் பாதிதான் இருக்கிறது. மனசு எங்கேயோ இருந்ததில் மத்தியானம் பருப்புக்கும் கோழிக்கும் அந்த உப்பையே அள்ளிப் போட்டுச் சமைத்திருக்கிறேன், நானும் சாப்பிட்டுவிட்டேன், அப்பாவும் சாப்பிட்டுவிட்டார். பாரத்தில் இரண்டு வாரம் இருந்தால் என்ன, உப்பைத் தின்ற பிறகு எந்த வாயால் திருப்பிக் கேட்பது? அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் கிச்சாப்பின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கொடுக்கிற சாக்கில் அப்பாவை இழுத்துக்கொண்டு யானுக்குப் போனேன், உன் சிலிப்பரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். வயலோரத்தில் வீடு, பின்னால் ஜெராய் மலை, வாசலெல்லாம் காற்று. கார் சத்தம் கேட்டதும் கிச்சாப் பாய்ந்து வந்தது, சுற்றிச் சுற்றி ஓடி, என் புடவையெல்லாம் சேறாக்கி, முகத்தை நக்கி, குழந்தை மாதிரி அழுதது. மூன்று வருடத்தில் எனக்காக அது அழுதது அன்றுதான். நான் அதைக் கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் காஞ்சனாவின் முகம் சுருங்குகிறதா என்று பார்த்தேன், ஆமாம், பார்த்தேன், உன்னிடம் என்ன ஒளிவு. ஆனால் அவள் சோற்றுத் தட்டைத் தட்டியதும் அது என்னை விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் காலடியில் நின்றது. உடம்பு பளபளவென்று இருக்கிறது, காதுப் புண்ணெல்லாம் ஆறிவிட்டது. என் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

சிலிப்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது காஞ்சனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா, சொன்னா சிரிப்பீங்க, நா சோறு போடுறேன், நா குளிப்பாட்டுறேன், படுக்கும்போது மட்டும் வாசல் கேட்டப் பாத்துக்கிட்டுத்தான் படுக்குது, எந்தக் காரு வந்தாலும் நீங்களான்னு காதத் தூக்குது, எனக்கு ஒங்க மேல ஒரே பொறாமக்கா என்றாள். ரூபினி, அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் போட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போது அந்த நோராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளோ? அப்படி என்றால் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நீ திட்டுவாய், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் நாயைக் கொடுத்தது தப்பு. காஞ்சனாவின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நீ போன் போட்டால் காட்டுவாள். அந்தப் பழுப்புக் குட்டியை இன்னும் யாரும் எடுக்கவில்லை. நேற்று மீதி உப்பை அப்பா எடுத்துக்கொண்டுபோய் ஷீலா கையில் வைத்துவிட்டுக் குட்டியைத் தூக்கிவந்துவிட்டார். நான் அதைத் தொடவில்லை, இப்போது நான் எழுதுகிற மேசைக்கடியில் என் கால்மேல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நான்தான் பேர் வைப்பேன், உன் போனில் காட்ட மாட்டேன்.

மிளகாய்த்தூளைக் காற்றுப் புகாமல் மூடி வை. இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. பெட்டியில் இருக்கும் சின்ன முறுக்குப் பொட்டலம் நோராவுக்கு, நான் கொடுத்தேன் என்று சொல்லியே கொடு. அவள் உனக்குச் சோறு போடட்டும், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும், தோளில் சாய்த்துக்கொள்ளட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல், உன்னை அனுப்பும்போது நான் யார் கையிலிருந்தும் உப்பு வாங்கவில்லை.

தாயே என்று எல்லாரும் உன்னைக் கும்பிடும்படி நூறு வயது நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும், அந்தக் கைகளால் தொட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் முதலில் என்னைக் கேள், மறக்காதே.

இப்படிக்கு,
உன் முதலாவது அம்மா,
பிரேமாவதி மனோகரன்