பைண்டரின் பூஜ்யம்

மார்ச் 4
நூலகர் அம்மா ஒரு கட்டுத் துண்டறிக்கையை என் கையில் திணித்தார். வாசகர்கள் தங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை நோய் ஆராய்ச்சிக்குத் தர வேண்டுமாம். ஒரு பெரிய கணக்கை ஆயிரம் வீடுகள் துண்டு துண்டாகப் போட்டு அனுப்பும். "நீங்கதான் சார் பொருத்தம், நல்லாப் பேசுவீங்க." முனைவர் பட்டம் வாங்கியவன் நோட்டீஸ் கொடுக்கப் பொருத்தம்!

மார்ச் 11
கூட்டத்துக்குப் பதினான்கு பேர். பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். கடைசியாகக் கை தூக்கியது நூலகப் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் நம் பைண்டர். ஏழு வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஆள். புத்தகங்கள் காணாமல் போன விசாரணையில் "சாவி சார்கிட்டதான் இருந்துச்சு" என்று மூன்றே வார்த்தையில் என் பதவி உயர்வைப் புதைத்தவர். சாவி என்னிடம்தான் இருந்தது. அதை அவர் சொல்ல வேண்டுமா?

"என் பொண்ணோட கம்ப்யூட்டர் வீட்ல சும்மா கிடக்கு சார். அவளுக்கு வந்த அதே நோய்னு இதுல போட்டிருக்கு."

மகள் போன வருடம் இறந்தாள்.

மார்ச் 14
அவர் வீட்டுக் கணினியில் அந்த மென்பொருளை நிறுவிக் கொடுத்தேன். கணக்குப் போடும் பகுதியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். திரையில் சுழலும் மூலக்கூறுப் படம் மட்டும். புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"வேலை செய்யுதா சார்?"

"பின்னே? சுத்துது பாருங்க."

வரும் வழியெல்லாம் சீட்டியடித்தேன்.

மார்ச் 25
யார் வீட்டுக் கணினி எத்தனை கணக்கு முடித்தது என்ற புள்ளிப் பட்டியலைத் திங்கள்தோறும் அறிவிப்புப் பலகையில் குத்துவது என் யோசனை. பைண்டர்: பூஜ்யம். "என்ன பைண்டரே, கம்ப்யூட்டரையும் பசை போட்டு ஒட்டிட்டீங்களா?" என்றார் தட்டச்சர். அறையே சிரித்தது.

"பழைய மிஷின், மெதுவாத்தான் ஏறும்" என்றேன். நம்பினார்.

ஏப்ரல் 8
பூஜ்யம். கணினி சூடாகக் கூடாதென்று, வீட்டில் இருக்கிற ஒரே மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாராம். சிரிப்பு வந்தது. முன்பளவு இல்லை.

ஏப்ரல் 23
அவர் மனைவி வந்தார். "தினமும் அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட 'போயிட்டு வரேம்மா'னு சொல்லிட்டுத்தான் வேலைக்கு வராரு. பூஜ்யம்னு மட்டும் போடாதீங்க சார். ஒண்ணுனாவது போடுங்க."

"இருக்கறதைத்தான் போட முடியும்."

எனக்கே அந்தக் குரல் — சே. சனிக்கிழமை போய்ச் சரிசெய்துவிடலாம். அரை மணி நேர வேலை.

ஏப்ரல் 27
போகவில்லை. வெயில்.

மே 3
ஆராய்ச்சிக்கூடத்தின் கடிதம்: தேவையான கணக்குகள் கிடைத்துவிட்டன, திட்டம் முடிந்தது, நன்றி.

மே 6
பைண்டர் மேசை முன் நின்றார். "முடிஞ்சிருச்சாமே சார். பட்டியல்ல பூஜ்யம்னாலும், நம்ம பங்கு கொஞ்சமாவது சேர்ந்திருக்கும்ல?"

ஏழு வருடம் காத்திருந்தேனே, இதோ, ஒன்றுகூடச் சேரவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே? வாய் வரை வந்தது.

"சேர்ந்திருக்கு."

"அவ பேர் போட்டு ஒரு தாள்ல குடுங்க சார். அட்டை கட்டி வச்சுக்கறேன்."

மே 7
அடித்துக் கொடுத்தேன். மகள் பெயர், நானூற்றுப் பன்னிரண்டு கணக்குகள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். நூலக முத்திரை வேண்டும் என்றார். குத்தினேன். கோணலாக விழுந்துவிட்டது, இன்னொரு முறை நேராகக் குத்தச் சொன்னார்.

குத்தினேன்.