பச்சை ஒயர்

ஆரணி
13.2.2008

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. படவேட்டு அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், முழங்கால் வலி மட்டும் அதன் பாட்டுக்கு வந்து போகிறது. டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை முத்துவேலும் சுகமாக இருக்க வேண்டும், அந்தப் பனி உங்களை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதானே கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் பேசினோம், அதற்குள் என்ன கடுதாசி என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத்தான். முதலில் ஸ்பீக்கர் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பொங்கலுக்கு உன் அப்பா பழைய பெட்டி மானிட்டரைத் தள்ளிவிட்டுத் தட்டையாகப் புதுசு வாங்கினார் அல்லவா, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது, தனியாக வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஸ்பீக்கர் இரண்டையும் அன்றைக்கே எதிர்வீட்டு லோகநாதனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஞாயிறு வந்தது, நீ திரையில் வந்தாய், வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நாங்கள் பேசுவது உனக்குக் கேட்கிறது, நீ பேசுவது எங்களுக்கு வரவில்லை. அப்பா திரை ஓரத்து ஸ்பீக்கர் படத்தை அமுக்கி ஏற்றினார், இறக்கினார், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார், மானிட்டருக்கு அடியில் இருக்கும் பட்டன்களைக் கண்டபடி அமுக்கியதில் உன் முகம் கொஞ்ச நேரம் நீலமாகப் போய்விட்டது. நீயும் அங்கிருந்து டைப் அடித்து அதைப் பார், இதைப் பார் என்று சொல்லிப் பார்த்தாய். பிரவுசிங் சென்டர் சிவப்பிரகாசத்தைக் கூட்டி வந்தார், அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, உள்ளாற ஸ்பீக்கரே அவுட்டுங்க, வேலூருக்குத்தான் அனுப்பணும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். புதுசா வாங்கியாந்து இப்படி ஒரு பேஜாரா என்று அப்பா வாரம் முழுக்கப் பொருமிகினே கிடந்தார். தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிற பெண்ணின் குரலைக் கேட்காமல் மூன்று ஞாயிறு போனது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு, அந்த மூன்று ஞாயிறும் எனக்குக் கனவு மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் நீ சிரிக்கிறாய், முடியை ஒதுக்குகிறாய், உனக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டே இருக்கிறது. பனி விழுகிற சத்தமும் நமக்கு வரலையாங்க என்று உன் அப்பாவைக் கேட்டுவிட்டேன். பனிக்கு ஏதுடி சத்தம், புத்தி கெட்டவளே என்று சிரித்தார். அவர் மானிட்டருக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருப்பார், நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், பார்க்கப் பார்க்க நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

உனக்கு ஒன்று தெரியாது. நான் வேலை பார்த்த பவர்லூம் கொட்டாய்க்குள்ளே நீ வந்தவளே இல்லை, வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாய், அப்புறம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். உள்ளே வரிசையாகத் தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அங்கே வேலை செய்கிற பெண்களெல்லாம் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். மாமியார் சண்டையிலிருந்து மாசக் கடைசிப் பணமுடை வரைக்கும் எல்லாமே உதட்டில்தான். நானும் பக்கத்துத் தறி பாஞ்சாலையும் அப்படியே எத்தனையோ வருஷம் பேசித் தீர்த்தவர்கள்.

இரண்டாவது ஞாயிறு நீ எங்களுக்கு, எல்லாம் நல்லபடியா இருக்கு, டாக்டர் பார்த்தாங்க என்று டைப் அடித்தாய். அடித்து முடித்ததும் மாப்பிள்ளை டம்ளரோடு வந்தார். நீ அவர் பக்கம் பாதி திரும்பி, கலைஞ்சு போச்சுன்னு நான் எப்படிங்க சொல்லுவேன், அம்மா வளைகாப்புப் புடவை எடுத்து வெச்சிகினு உக்காந்திருக்காங்க என்றாய். படம் நின்று நின்று வருகிறது, நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் அவரிடம், இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், அம்மா தாங்க மாட்டாங்க என்றாய். அப்போது மாப்பிள்ளை உன் தலையில் கை வைத்தார். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். பால் ஒன்றும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அப்பா பூஜைக்கு நித்தியமல்லி பறிக்கப் போனவர் தோட்டத்திலிருந்தே என் பேரைச் சொல்லிக் கத்தினார். மானிட்டர் அட்டைப்பெட்டியில் ஒரு கருப்பு ஒயர் சும்மா கிடந்தது, ரெண்டு முனையிலும் பச்சையாக இருந்தது, நான்தான் அதை எடுத்துச் சாய்ந்துபோன கொடியை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தேன். பூவுக்கு நடுவில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவருக்கு உறைத்துவிட்டது, கம்ப்யூட்டருக்குப் பின்னால் பச்சையாக ஓர் ஓட்டை காலியாக இருப்பதை வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆயிற்றே. ஊரெல்லாம் நூலு, உனக்குக் கொடி கட்ட ஒயரா கெடச்சுது என்று ஒரு பாட்டம் வைதார். நீல முனை ஒயரில் படம் மட்டும்தான் வருமாம், உள்ளே ஸ்பீக்கர் இருந்தாலும் சத்தத்துக்கு இது தனியாகப் போக வேண்டுமாம். செருகினார், அப்போதும் வரவில்லை. மானிட்டருக்கென்று தனியாக ஒரு வால்யூம், அது பூஜ்யத்தில் கிடந்தது. ஏற்றியதும் டிங் என்று ஒரு சத்தம் வந்தது பார், உன் அப்பா கூடத்திலேயே கைதட்டினார்.

அதனால்தான் போன ஞாயிறு உன் குரல் எங்களுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நல்லா இருக்கேம்மா, வாந்திதான் ஜாஸ்தி, குழந்தை நல்லா இருக்குதாம் என்றாய். குரல் கணீரென்று இருந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அன்றைக்கே களம்பூர் அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். நான் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். சத்தம் இல்லாதபோது நிஜத்தைச் சொன்ன பிள்ளை, சத்தம் வந்ததும் எங்களுக்காகப் பொய் சொல்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். உன் மேல் கோபம் இல்லை தாயே, துளிகூட இல்லை.

உனக்கு முன்னால் எனக்கும் ஒன்று தங்காமல் போனது. வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. கொட்டாயில் தறி ஓடும்போது பாஞ்சாலையைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தேன். அவள் தறியை நிறுத்தாமலே, அழுவுடி, யாருக்கும் கேக்காது என்று வாயை அசைத்தாள். அழுதேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அடுத்த வருஷம் நீ வந்தாய்.

இதுவும் ஒரு பிரசவம்தான், உடம்பை அலட்சியம் பண்ணாதே. பூண்டு நிறையச் சேர்த்துக்கொள், கனம் தூக்காதே, காலுக்கு உறை போடாமல் நடக்காதே, வேலைக்கு ஜல்தியாக ஓடாதே. அந்தப் புடவை உனக்கென்று எடுத்தது, நீ எப்போது கட்டினாலும் உன்னுடையதுதான். அப்பாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, நீ சொல்லு என்றால் பக்குவமாகச் சொல்கிறேன். இது உன் கைக்கு வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதுவரை நீ எப்போதும் போலப் பேசு, நானும் எப்போதும் போலக் கேட்டுக்கொள்கிறேன். மாசிக் கடைசி ஞாயிறு அப்பா தேவிகாபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறார், வீட்டில் நான் மட்டும்தான்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். அம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருப்பாள், தைரியமாக இரு. ஞாபகம் வைத்துக்கொள், அந்த ஞாயிறு வாய்விட்டுச் சொல்ல வரவில்லை என்றால் சும்மா கையைக் காட்டு, நான் பச்சை ஒயரைப் பிடுங்கிவிடுகிறேன். நீ சத்தமில்லாமல் சொல்லு, எனக்குக் கேட்கும்.

உன் அம்மா
அபிதகுசாம்பாள்