பல்லிடுக்கு விசில்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கடிதம் உங்கள் அண்ணன் பெயருக்கு வராமல் உங்கள் பெயருக்கு வந்ததுமே விஷயம் பாதி புரிந்திருக்கும். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே மாமாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. எனக்குத்தான் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

நீங்கள் இருவரும் வேலை செய்யும் தளத்தில் பெயிண்ட் கொட்டகை தீப்பிடித்த நாளிலிருந்து அவர் நேராகப் பேசுவதில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் விசாரித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுகிறார்கள். அவர் போனிலிருந்து குரல் பதிவுகள் மட்டும் வருகின்றன. "சிக்னல் சரியில்ல, நான் நல்லாருக்கேன், நீ சும்மா கவலைப்படாத." மாமா அதைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். "பாரு, சிங்கம் மாதிரி பேசுறான்" என்று பாப்பாவிடமும் நீட்டுகிறார். நான் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிறேன். நாள் முழுக்க ஹெட்போனும் காதுமாக இருப்பவளிடம் ஒரு குரலைக் கொடுத்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்றால் எப்படி?

அவருக்கு முன்பல் ஓரம் உடைந்திருக்கும். 'ச' வரும்போதெல்லாம் அந்த இடுக்கில் மெல்லிய விசில் கிளம்பும். பதிவுகளில் அது இல்லை. எங்கள் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நாடான்னா இரைச்சலோட சேத்து எல்லாத்தையும் வச்சிருக்கும்மா. போன் அப்படியில்ல, குரலைப் பிழிஞ்சு சாறை மட்டும் அனுப்பும். கீச்சுனு வர்ற மேல் சத்தமெல்லாம் சக்கையா போயிடும். நீயா பூதம் கிளப்பாத" என்றார்.

முதலாளி சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அங்கே வேலைக்குக் கிளம்புமுன் கூடத்தின் கேசட் ரெக்கார்டரைப் பழுது பார்த்துத் தந்தபோது, வேலை செய்கிறதா என்று உங்கள் அண்ணன் பேசிப் பார்த்த கேசட் ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டு என் போனில் பதிந்து, என் அக்காவின் போனுக்கு அனுப்பிக் கேட்டேன். நாடாவின் இரைச்சல் போயிருந்தது. குரல் தட்டையாகியிருந்தது. ஆனால் விசில் இருந்தது தம்பி. நூல் மாதிரி இளைத்து, ஆனால் இருந்தது. அக்காவின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அப்படியென்றால் பேசுவது அவரில்லை. அவரைப் போலவே பேசி முன்பு என்னையே ஏமாற்றியவர் ஒருவர்தான். அதற்காகத்தானே அவர் உங்களுக்குக் 'கிளி' என்று பேர் வைத்தார். கிளியால் பல்லை மட்டும் காப்பியடிக்க முடியவில்லை.

போன வாரம், நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வால்வு எங்கே இருக்கிறது என்று வேண்டுமென்றே கேட்டேன். அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். உடனே பதில் வரவில்லை. மறுநாள் சரியாக வந்தது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். அவர் இப்போது சொல்லி நீங்கள் சொன்னீர்களா, இல்லை எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை நினைவுபடுத்திச் சொன்னீர்களா?

உங்கள் மேல் கோபமில்லை. பொய் சொல்வது உங்களுக்கும் சுலபமாக இருந்திருக்காது. ஆனால் இனி அவர் குரலில் பேசாதீர்கள். உங்கள் குரலில் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. நல்ல வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

*

என்னவருக்கு,

வணக்கம் சொல்லித் தொடங்கும் நிலையில் நான் இல்லை. தம்பி தன் சொந்தக் குரலில் பேசினார், பேச்சைவிட அழுகைதான் அதிகம். கொட்டகைக்குள் மாட்டியவர்களை இழுக்க நீங்கள் உள்ளே போனது, புகையில் தொண்டை வெந்தது, மூச்சுவிடக் கழுத்தில் குழாய் வைத்திருப்பது, எனக்குத் தெரியக்கூடாது என்று நீங்களே எழுதிக் காட்டி அவரைப் பேச வைத்தது, எல்லாம் சொன்னார். பாவம், அவரைத் திட்டாதீர்கள். உங்களைத் திட்டும் வேலை எனக்கு இருக்கிறது.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் போகிறாள்.

அடுத்த வாரம் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். எடுத்தபின் மூச்சு தானாகச் சீராகுமா என்பது அப்போதுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

தம்பி போனை உங்கள் பக்கத்தில் வைத்து, "அண்ணி, அண்ணன் மூச்சு விடுறது கேக்குதா, கேளுங்க" என்றார். காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. பேச்சல்லாததை எல்லாம் இரைச்சல் என்று போன் துடைத்துவிடும். அது என் தொழில், எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த வெறும் அமைதியிலிருந்து காதை எடுக்காமல் நின்றேன். கேட்குது தம்பி என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன்.

அதனால் நானே வருகிறேன். முதலாளி விடுப்புக் கொடுத்துவிட்டார். பாப்பாவையும் மாமாவையும் அக்கா பார்த்துக்கொள்வாள். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

குரல் திரும்பாவிட்டால் போகட்டும். நான் வந்து உங்கள் நெஞ்சில் காதை வைக்கும்வரை மூச்சை மட்டும் விடாமல் விட்டுக்கொண்டிருங்கள். பேச வேண்டியதை எல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன்.

வந்துகொண்டிருக்கும்,
உங்களவள்